ஒத்தை ஆள் நின்னாலும் கூட்டம்தான்

பழைய பேக் ஒண்ணைத் தூக்கிப் போடலாம்னு போன மாசம் எடுத்து உதறினேன், நாலா மடிச்ச ஒரு ஏ4 பேப்பர் விழுந்துச்சு. கறுப்பு மார்க்கர்ல பட்டை பட்டையா "வாடிவாசலைத் திற"ன்னு எழுதியிருக்கு, கடைசி எழுத்துக்கு இடம் பத்தாம ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. கையெழுத்து என்னோடது இல்ல. 2017 ஜனவரியில ஒருத்தர் கையில இருந்து வாங்கி, சரியா சொன்னா பிடுங்கி, பேக்குக்குள்ள போட்டுக்கிட்ட பேப்பர் இது. அப்புறம் அவரும் கேக்கல, நானும் திருப்பிக் குடுக்கல.

இடம் சிங்கப்பூர்ல தேக்கா, ஒரு கோப்பிக் கடை, பொங்கல் முடிஞ்ச வாரம். அங்க சென்னை மெரினாவுல ஜல்லிக்கட்டுக்காகப் பசங்க உக்காந்துட்டாங்க, இங்க டேபிளுக்கு டேபிள் எல்லார் போன்லயும் அதே வீடியோ, செல்போன் டார்ச்சைத் தூக்கிப் பிடிச்சு கடற்கரை பூரா மினுமினுன்னு. நான், என் மனைவி, அப்புறம் தம்பி. சொந்தத் தம்பி இல்ல, சிவகங்கைப் பக்கத்துக்காரர், எஸ் பாஸ்ல, அதாவது வெளிநாட்டுக்காரங்களுக்குக் குடுக்கற வேலை அனுமதியில வந்து ஒரு கட்டுமான சைட்டுல சேஃப்டி வேலை பாக்கறவர், ஊர்ல அவங்க வீட்டுல மாடு உண்டு. அவர்தான் பையில இருந்து இந்தப் பேப்பரை எடுத்து டேபிள்ல தண்ணி படாத இடமாப் பாத்து விரிச்சார்.

"அண்ணே, அங்கயும் மெரினா, இங்கயும் மெரினா. மெர்லயன் சிலை முன்னாடி நின்னு இதைப் பிடிச்சுக்கறேன், ஒரே ஒரு போட்டோ, நீங்க எடுத்துக் குடுங்க போதும்."

"வேணாம் தம்பி."

"கோஷம்லாம் போட மாட்டேன்ணே. யாரையும் கூப்பிடவும் மாட்டேன். நான் மட்டும்தான்."

"நீங்க ஒத்தை ஆளா நின்னாலே இங்க அது கூட்டம்தான் தம்பி."

அவர் சிரிச்சார், நான் ஜோக் அடிக்கறேன்னு நெனச்சுட்டார் பாவம். "ஒத்தை ஆள் எப்படிண்ணே கூட்டம்? கல்யாணத்துக்கு ஒருத்தன் வந்தா கூட்டம் வந்துச்சுன்னா சொல்லுவோம்?" என் மனைவியும் அவர் பக்கம் சாஞ்சுட்டாங்க, "என்னங்க, போட்டோதானே, எடுத்துக் குடுங்களேன்"னு. அப்பதான் நான் பேப்பரை மடிச்சேன்.

நான் சொன்னது ஜோக் இல்ல. சிங்கப்பூர்ல 2009ல வந்த பப்ளிக் ஆர்டர் ஆக்ட்டுல, ஒரு கருத்தை ஆதரிக்கவோ எதிர்க்கவோ, ஒரு விஷயத்தைப் பரப்பவோ, ஒரு நிகழ்வை நினைவு வச்சுக்கவோ பொது இடத்துல கூடினா அதுக்கு போலீஸ் பெர்மிட் வேணும், அந்தக் "கூட்டம்"ங்கற சொல்லுக்குள்ள தனி ஆள் பண்ற ஆர்ப்பாட்டமும் அடக்கம்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. பெர்மிட் இல்லாம ஏற்பாடு பண்ணினா முதல் தடவை 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், கலந்துக்கிட்டா 3,000 வரைக்கும், திரும்பப் பண்ணினா அதுக்கும் மேல. அதுக்கு முன்னாடி இருந்த விதியில கணக்கு அஞ்சு பேர். அஞ்சு பேர் கூடினாத்தான் பெர்மிட். அதனால 2005 ஆகஸ்ட்ல நாலே நாலு பேர், கணக்கா நாலு பேர், வாசகம் எழுதின டீசர்ட்டைப் போட்டுக்கிட்டு ராபின்சன் ரோட்டுல மசேநி (மத்திய சேம நிதி) கட்டடத்துக்கு வெளிய போய் நின்னாங்க. போலீஸ் வந்து கலைஞ்சு போகச் சொல்லிட்டாங்க. அவங்க ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, தோத்தாங்க. நாலு வருஷம் கழிச்சு வந்த சட்டத்துல அஞ்சு, நாலுங்கற கணக்கே இல்ல, ஒண்ணுலயே ஆரம்பிச்சுட்டாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா உரிமை இல்லாம இல்ல. அரசியல் சட்டம் 14வது பிரிவு, குடிமக்கள் அமைதியா, ஆயுதம் இல்லாம கூடலாம்னு சொல்லுது. இந்தியாவோட 19வது பிரிவுலயும் கிட்டத்தட்ட இதே வார்த்தைங்கதான். ஆனா இந்தியாவுல அந்த உரிமைக்குப் போடற கட்டுப்பாடு "நியாயமானதா" இருக்கணும்னு ஒரு சொல் இருக்கு, எது நியாயம்னு கோர்ட் உக்காந்து அலசும். இங்க அந்தச் சொல் கிடையாது, தேவைன்னோ உசிதம்னோ பார்லிமெண்ட் கருதினாப் போதும். ஒரே ஒரு பெயரெச்சம். வக்கீல்ங்களுக்குச் சோறு போடறது இந்த மாதிரி சொல்லுங்கதான்னு தோணும். இன்னொண்ணு, ரெண்டு நாட்டுலயும் இந்த உரிமை "குடிமக்களுக்கு"ன்னுதான் எழுதியிருக்கு. அந்த டேபிள்ல அடையாள அட்டையைப் பாத்தா நான் பிங்க் ஐசி, குடிமகன்; என் மனைவி நீல ஐசி, நிரந்தரவாசி; தம்பி பாஸ். ஒரே பரோட்டாவைப் பிச்சுத் தின்னுக்கிட்டிருந்த மூணு பேருக்கும் சட்டம் வேற வேற.

உடனே யாராவது "பாத்தீங்களா, தமிழ்நாடு மாதிரி வராது"ன்னு கிளம்புவாங்க, அதுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். மெரினாப் போராட்டம் ஜனவரி 17ல ஆரம்பிச்சு 23 வரைக்கும் ஓடுச்சு, அவ்ளோ பேர் கூடியும் அத்தனை நாள் அமைதியாப் போனதை நான் இன்னைக்கும் பெருமையாத்தான் சொல்லுவேன். 23ம் தேதி காலையில போலீஸ் கலைச்சப்ப என்ன ஆச்சு? ஐஸ் ஹவுஸ் ஸ்டேஷன் எரிஞ்சுது, நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிஞ்சுது, அன்னைக்கு சாயங்காலமே சட்டசபையில ஜல்லிக்கட்டு சட்டம் பாஸ் ஆச்சு. அதுக்கப்புறம் மெரினாவுல யாரையும் உக்கார விடல, அடுத்த வருஷம் கோர்ட்டும் அதை ஒத்துக்கிச்சு. போராடணுமா, போலீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிக்கிட்டு வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் போய் நில்லுங்க, மைக் செட் சொன்ன நேரத்துக்கு நிக்கணும். இங்க பெர்மிட் இல்லாம நிக்கறதுக்குன்னு ஒதுக்கின ஹாங் லிம் பார்க் மாதிரி அவங்களுக்கும் ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான். தூத்துக்குடியில 2018 மே 22, ஸ்டெர்லைட் போராட்டத்தோட நூறாவது நாள், துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் போய்ட்டாங்க. இங்க 3,000 வெள்ளி, அங்க குண்டுன்னு தராசுல வச்சுப் பாத்து இது மேல்னு சொல்ற ஆளுங்களும் எங்க சொந்தத்துல உண்டு. எங்க அம்மாவே அந்தக் கட்சிதான்.

அம்மாவுக்குக் காரணம் இருக்கு. 1964 ஜூலை 21 கலவரத்தப்போ அவங்களுக்கு ஒம்பது வயசு, கேலாங் பக்கம் வீடு, ரெண்டு நாள் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே கிடந்து கஞ்சியும் உப்பும்தான்னு சொல்லுவாங்க. நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்துல ஆரம்பிச்சது, ஜூலையில 23 பேர், செப்டம்பர்ல திரும்ப 13 பேர் செத்தாங்க. "ஊர்வலம்னாலே எனக்கு வயித்தைக் கலக்கும்டா"ங்கறது அம்மாவுக்கு வாய்ப்பாடம். ரோட்டுல நடந்து போற மத ஊர்வலத்துக்குத் தடை வந்ததும் அதுக்கப்புறம்தான். ஆனா பாருங்க, அந்தத் தடையில விலக்கு இருக்கறது இந்துக்களுக்குத்தான், தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி மூணுக்கும். வருஷா வருஷம் பெருமாள் கோயில்ல கிளம்பி டேங்க் ரோட்டுக்குப் போறது நமக்கு வேண்டுதல், போலீஸுக்கு அது பெர்மிட் வாங்கின ஊர்வலம். பெர்மிட்னா நிபந்தனையும் கூடவே வரும். அதுல ஒண்ணு, 1973ல இருந்து ரொம்ப வருஷத்துக்கு, வழியில மேளம் கொட்டக் கூடாதுன்னு இருந்துச்சு.

இந்த இடத்துல எங்க சித்தப்பா பையன் கதையைச் சொல்லியே ஆகணும். தொண்ணூறுகளோட கடைசி, சித்தப்பா காவடி எடுத்திருக்கார், நாங்க சுத்தி நின்னு கைதட்டிப் பாடிக்கிட்டு வர்றோம். செலிகி ரோடு பக்கம் வந்தப்ப சித்தப்பாவுக்குக் கால் தள்ளாட ஆரம்பிச்சிடுச்சு. அவன் துணிப்பையில இருந்து ஒரு மைலோ டப்பாவை எடுத்தான், பெருசு, ஒன்றரைக் கிலோ டப்பா, மூடியைக் கழட்டி அடிப்பக்கத்துல ரெண்டு ஸ்பூனாலத் தட்ட ஆரம்பிச்சான். சும்மா சொல்லக் கூடாது, உறுமி தோத்துடும். சித்தப்பா காலு தானா எழும்புச்சு, அந்தப் பத்து நிமிஷம் அவர் நடக்கல, ஆடினார். தொண்டூழியர் ஒருத்தர், நல்ல மனுஷன், வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார், "தம்பி, வாத்தியம் கூடாது, குடுத்துடுங்க." சித்தி குறுக்க வந்து நின்னாங்க, "இது வாத்தியமா? மைலோ டப்பாங்க இது. பாருங்க, உள்ள வாசனைகூடப் போகல." அவர் மோந்து பாத்தாருங்க, நெசமா. மோந்து பாத்துட்டு, "அக்கா, எனக்கும் தெரியும், ஆனா சத்தம் வருதுல்ல"ன்னார். டப்பா வாத்தியமா இல்லையாங்கற விசாரணை ஒரு அஞ்சு நிமிஷம் ரோட்டுலயே நடந்துச்சு, கடைசியில டப்பாவைக் குடுத்தோம், ஸ்பூனைக் குடுக்கல. மிச்ச தூரம் ரெண்டு ஸ்பூனையும் ஒண்ணோட ஒண்ணு தட்டிக்கிட்டே வந்தான்.

தப்பு யார் மேலன்னு கேட்டா விதிப்படி எங்க மேலதான். ஆனா வருஷா வருஷம் எத்தனை குடும்பம் இப்படி எதையாவது தட்டிக்கிட்டு வந்திருக்கும், யாரும் அதைப் போராட்டம்னு சொன்னதில்ல. சிங்க நடனத்துக்கு அடிக்கறாங்களே, மலாய்க் கல்யாணத்துல கொம்பாங் அடிக்கறாங்களேன்னு கேட்டா அதெல்லாம் சமூக நிகழ்ச்சி, மத ஊர்வலம் இல்லன்னு பதில் வரும், பதில்ல தர்க்கம் இல்லாம இல்ல, கேக்கறவன் மனசு ஆறாது அவ்வளவுதான். 2015 தைப்பூசத்துல மேளத்தை வச்சுத் தகராறாகி மூணு பேர் கைதானாங்க. அதே வருஷம் மேளத் தடையை எதிர்த்து மூணு பேர் ஹைகோர்ட் படியேறினாங்க, மனு தள்ளுபடி. அடுத்த வருஷத்துல இருந்து பாத்தா வழியில சில இடங்கள்ல மேளமும் நாதஸ்வரமும் வாசிக்கலாம்னு விட்டுட்டாங்க. கோர்ட்ல தோத்தது ரோட்டுல பாதி கிடைச்சுது. எதனால கிடைச்சுது, மனுவாலயா, பேச்சுவார்த்தையாலயா, தகராறாலயா, இல்ல முப்பது நாப்பது வருஷமா டப்பா தட்டினவங்களாலயான்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் திறமை பத்தாது.

எங்க தாத்தா ஹார்பர்ல மூட்டை தூக்கினவர். போலீஸை அவர் கடைசி வரைக்கும் "மாத்தா"ன்னுதான் சொல்லுவார். அவரோட அண்ணன் கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டத்துல இருந்தார், 1941ல அங்க தமிழ்த் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணினப்ப அவரும் உள்ள. கூலி கூட்டிக் கேட்டாங்கங்கறது எல்லாருக்கும் தெரியும், தாத்தா திரும்பத் திரும்பச் சொல்ற கோரிக்கை வேற. தொரை எதிர்ல வந்தா சைக்கிள்ல இருந்து இறங்கி நிக்கணும்ங்கற வழக்கத்தை எடுக்கணும்னு கேட்டாங்க. பட்டாளத்தைக் கூப்பிட்டு சுட்டான், ஆளுங்க செத்தாங்க, ஆர்.எச். நாதன்ங்கற தலைவரை இந்தியாவுக்கு நாடு கடத்தினான். தாத்தா இதைச் சொல்லிட்டு, சைக்கிள்ல உக்காந்திருக்கற மாதிரியே நாற்காலியில முதுகை நிமித்திக்கிட்டு உக்காருவார். அம்மா அடுப்படியில இருந்து, "போதும்பா, பையன் மனசைக் கெடுக்காதீங்க"ம்பாங்க. ஒரே வீட்டுல இது ரெண்டையும் கேட்டு வளந்தவன் நான், அதனாலதான் ரெண்டுங்கெட்டானா இருக்கேனோ என்னமோ.

சட்ட மறுப்புன்னா என்னன்னு பள்ளிக்கூடத்துல ஒரு வரியில படிச்சிருப்போம். சட்டத்தை வெளிப்படையா மீறணும், கை நீட்டக் கூடாது, பிடிச்சா ஓடக் கூடாது, குடுக்கற தண்டனையை வாங்கிக்கணும். என் மனைவிக்குத் திருத்துறைப்பூண்டி. 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு உப்புக் காய்ச்ச நடந்தப்ப அந்த வழியாத்தான் போனாங்க. தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன், நடந்து வர்றவங்களுக்கு சோறு போட்டாலோ தங்க இடம் குடுத்தாலோ ஜெயில்னு உத்தரவு போட்டுட்டான். சனங்க என்ன பண்ணினாங்க, சோத்துப் பொட்டலத்தைக் கட்டி வழியில மரக்கிளையில தொங்க விட்டுட்டாங்க. நடந்து வர்றவன் எடுத்துத் தின்னுட்டுப் போவான், போட்டது யாருன்னு போலீஸ் மரத்தைத்தான் கேக்கணும். இவங்க வீட்டுல இன்னும் அந்தக் கதை ஓடுது, எங்க கொள்ளுப்பாட்டி புளிச்சோறு கட்டினாங்கன்னு. (திருத்துறைப்பூண்டியில யாரைக் கேட்டாலும் அவங்க கொள்ளுப்பாட்டிதான் கட்டியிருப்பாங்க, அது வேற விஷயம்.)

எனக்கு இதுல பிடிச்சதே, இந்த மரத்து சோறு புத்தகத்துல சொல்ற சட்ட மறுப்புக்குள்ள அடங்காதுங்கறதுதான். ராஜாஜி ஒளியல, பிடிச்சுக்கோன்னு போய் நின்னார், ஜெயிலுக்குப் போனார். சோறு கட்டின பொம்பளை மாட்டக் கூடாதுன்னுதான் கட்டினா, அவளுக்கு வீட்டுல நண்டும் சிண்டுமாப் பிள்ளைங்க. அவ தண்டனையை ஏத்துக்கலையே, அப்ப அது சட்ட மறுப்பா, வெறும் சட்ட மீறலான்னு கேட்டா பேராசிரியருங்க ரெண்டாவதுன்னுதான் சொல்லுவாங்கன்னு நினைக்கறேன். அந்தச் சோறு இல்லாம உப்பு இல்ல.

நம்ம ஊர்லயே முதல் வகை ஆளு ஒருத்தர் இருக்கார். சீலன்னு ஒரு கலைஞர், 2017 அக்டோபர் 1ம் தேதி, ஹாங் லிம் பார்க்குல அனுமதியோட ஒரு நிகழ்ச்சி பண்ணினார். கையில ஒரு கண்ணாடி. 1966ல உள்ள போய், 23 வருஷம் விசாரணையே இல்லாமக் காவல்ல, அப்புறம் 9 வருஷம் கட்டுப்பாட்டோட, மொத்தம் 32 வருஷம் கழிச்ச எதிர்க்கட்சி அரசியல்வாதி சியா தை போவோட நினைவா. பார்க்குக்குள்ள இருந்த வரைக்கும் பிரச்சனை இல்ல. அவர் கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு வெளிய நடந்து பார்லிமெண்ட் வாசல் வரைக்கும் போய் நின்னார், அங்கதான் கைது. அதே ஆளு, அதே கண்ணாடி, பார்க்குக்குள்ள இருந்தா கலை, பார்க்கைத் தாண்டினா பெர்மிட் இல்லாத ஊர்வலம். அடுத்த வருஷம் கோர்ட் 2,500 வெள்ளி அபராதம் போட்டுது, அவர் கட்டல, ரெண்டு வாரம் ஜெயில்னு போய்ட்டார்.

இதைப் படிச்சப்ப எனக்கு மரியாதை வந்துச்சு, கூடவே ஒரு எண்ணமும். ரெண்டு வாரம் கழிச்சு அவர் எங்க திரும்பி வருவார்? வீட்டுக்கு. அதே புளோக், அதே லிஃப்டு. குறைச்சு சொல்லல, ரெண்டு நாள் உள்ள இருன்னாலே நான் அழுதுடுவேன். ஆனா தம்பி மெர்லயன் முன்னாடி நின்னு மாட்டியிருந்தா அவருக்கு அபராதமா பெருசு? பாஸ் கேன்சல். ரெண்டே வார்த்தை. ஊர்ல தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின கடன் பாதி நிக்குது, அவர் போய் இறங்குவார், கடன் இறங்காது. தண்டனையை ஏத்துக்கறதுதான் சட்ட மறுப்புன்னா அந்தத் தண்டனை எல்லாருக்கும் ஒரே விலையா இருந்தாத்தானே அந்த இலக்கணம் நிக்கும்? இது சிங்கப்பூர்ல மட்டும்னு இல்ல, ஆனா இங்க இது அட்டையிலயே நிறம் நிறமாத் தெரியுது.

பழைய கதைங்களைப் பாருங்க. இங்க கடைசியா சட்டப்படி வேலைநிறுத்தம் நடந்தது 1986ல. அப்புறம் 2012 நவம்பர்ல சீனாவுல இருந்து வந்த பஸ் டிரைவருங்க 171 பேர் சம்பளத்துல வித்தியாசம் காட்டறாங்கன்னு சொல்லி வேலைக்குப் போகல. அத்தியாவசிய சேவையில வேலைநிறுத்தம்னா 14 நாள் முன்னாடி அறிவிக்கணும், அவங்க அறிவிக்கல, அதனால சட்ட விரோதம். அஞ்சு பேர் மேல கேஸ், 29 பேரை ஊருக்கே அனுப்பிட்டாங்க. அடுத்த வருஷம் டிசம்பர் 8, ரேஸ் கோர்ஸ் ரோட்டுல பஸ்ஸுல அடிபட்டு நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இறந்து, அன்னைக்கு நடந்தது கலவரம், போலீஸ் வண்டியைக் கவுத்து ஆம்புலன்ஸை எரிச்சதுக்கெல்லாம் நான் வக்காலத்து வாங்கப் போறதில்ல, அதுக்கும் சட்ட மறுப்புக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. அங்க இருந்து பொடிநடை தூரத்துல, ரேஸ் கோர்ஸ் லேன்ல, காந்தி நினைவு மண்டபம் நிக்குதுங்கறதை நெனச்சா மட்டும் என்னமோ பண்ணும். அந்தக் கலவரத்துல 25 பேர் மேல கேஸ், 57 பேரை நாடு கடத்தினாங்க. அந்த ராத்திரிக்கு அப்புறம் தேக்காவுல நாலு தமிழ் ஆளுங்க நின்னு சத்தமாப் பேசினாலே திரும்பிப் பாக்கற ஒரு பார்வை கொஞ்ச நாள் இருந்துச்சு, எனக்கும் விழுந்துச்சு, என் ஐசி என்ன நிறம்னு அந்தப் பார்வைக்குத் தெரியாதுல்ல.

தம்பி அந்த போட்டோ விஷயத்தை மறக்கல. 2020 நவம்பர்ல வாட்ஸ்அப்புல ஒரு செய்தி அனுப்பினார். ஜோலோவன் வாம்ங்கற சமூக ஆர்வலர் அட்டையில ஒரு சிரிச்ச மூஞ்சியை வரைஞ்சு தோ பாயோவுல போலீஸ் கட்டடத்துக்கு வெளிய பிடிச்சு நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாராம், குற்றச்சாட்டு. கீழ தம்பி எழுதியிருந்தது, "அண்ணே, சிரிக்கறதுக்கும் பெர்மிட்டா. அன்னைக்கு நீங்க பிடுங்கினது நல்லதாப் போச்சு." ஒரு கும்பிடு எமோஜி. நான் என்ன பதில் போடறதுன்னு தெரியாம கட்டை விரலைப் போட்டேன். அதே ஜோலோவன் 2018ல ஸ்டேட் கோர்ட்ஸ் வாசல்ல ஒரு ஏ4 பேப்பரோட நின்னதுக்கு 2022ல 3,000 வெள்ளி அபராதம், கட்டாம 15 நாள் உள்ள இருந்தார். ஏ4 பேப்பர். என் பேக்குல கிடந்த அதே சைஸ்.

எல்லாக் கேஸும் ஒரே பக்கமா முடியறதில்லங்கறதையும் சொல்லணும். 2024 பிப்ரவரியில ஒரு எழுபது பேர் பிளாசா சிங்கப்பூராவுல இருந்து தர்பூசணிப் படம் போட்ட குடையைப் பிடிச்சுக்கிட்டு அதிபர் மாளிகையான இஸ்தானாவுக்கு நடந்து போய் பாலஸ்தீனத்துக்காகக் கடிதம் குடுத்தாங்க. ஏற்பாடு பண்ணினதா மூணு பெண்கள் மேல கேஸ், ஒருத்தங்க தமிழ்ப் பொண்ணு. தடை செஞ்ச இடம், அதனால 10,000 வெள்ளி இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் போகலாம். 2025 அக்டோபர்ல நீதிபதி மூணு பேரையும் விடுதலை பண்ணினார், அந்தப் பாதை தடை செஞ்ச பகுதின்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்லன்னு. அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போச்சு. குடை பிடிச்சா ஊர்வலமா, பிடிக்காம நடந்தா ஷாப்பிங்கான்னு அன்னைக்கு எங்க வீட்டுல மைலோ டப்பா விசாரணை திரும்ப ஓடுச்சு.

சரி, பெர்மிட் இல்லாம நிக்கறதுக்குன்னு ஒரு இடம் இருக்கே, ஹாங் லிம் பார்க். 2000 செப்டம்பர்ல பேச்சாளர் முனைன்னு திறந்தாங்க, அப்ப பேசணும்னா பக்கத்துல இருந்த போலீஸ் போஸ்டுல போய் பேர் குடுக்கணும். 2008ல இருந்து ஆர்ப்பாட்டமும் பண்ணலாம், பதிவு இணையத்துல, பூங்காக் கழகத்துக்கிட்ட. செடி கொடி பாக்கறவங்கதான் கோபத்துக்கும் பொறுப்பு. நாலு அதிகாரத்துவ மொழியில எதுல வேணா பேசலாம், தமிழ்லயும் பேசலாம், மதத்தைப் பத்தி எதுலயும் பேசக் கூடாது. 2013 பிப்ரவரியில 69 லட்சம் மக்கள்தொகைன்னு வெள்ளை அறிக்கை வந்தப்ப அங்க ஆயிரக்கணக்குல கூடினாங்க. ஆனா அந்த இடமும் எல்லா விஷயத்துக்கும் எந்நேரமும் திறந்து கிடக்கும்னு இல்ல. கோவிட்ல ரெண்டு வருஷம் மூடினாங்க, 2023 அக்டோபர்ல காஸா பத்தின நிகழ்ச்சிக்குக் கேட்டவங்களுக்கு அனுமதி இல்லன்னு போலீஸ் சொல்லிட்டாங்க.

யாரு நிக்கலாம்ங்கறதுதான் நான் வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடமா சொல்ற பகுதி. குடிமகன் ஏற்பாடு பண்ணலாம், பேசலாம். நிரந்தரவாசி ஏற்பாடு பண்ண முடியாது, கலந்துக்கலாம். பாஸ்ல இருக்கறவங்க தனி பெர்மிட் இல்லாம ரெண்டும் முடியாது. முன்னாடி தள்ளி நின்னு வேடிக்கை பாத்தா பரவால்லன்னு இருந்துச்சு, 2017 வாக்குல அதுவும் மாறிடுச்சு, ஆதரவா வந்து உள்ள நின்னா வேடிக்கை பாக்கறவனும் கலந்துக்கறவனும் ஒண்ணுதான். அந்த வருஷம் எல்ஜிபிடி ஆதரவு நிகழ்ச்சியான பிங்க் டாட்டுக்கு பார்க்கைச் சுத்தி தடுப்பு வச்சு ஐசி பாத்துத்தான் உள்ள விட்டாங்க.

2022 ஏப்ரல் 3, ஞாயித்துக்கிழமை. நாகேந்திரன் தர்மலிங்கத்துக்குத் தூக்கு நெருங்கிடுச்சு. மலேசியாவுல ஈப்போப் பக்கத்துப் பையன், 2009ல 42.72 கிராம் ஹெராயினோட பிடிபட்டவர், ஐக்யூ 69ன்னு பரிசோதனை. என் மகளுக்குப் பதினாறு வயசு, பத்து நாளா அதையே படிச்சுக்கிட்டு இருந்தா, "அப்பா, நான் போறேன், நீங்க வந்தாலும் சரி"ன்னுட்டா. வந்தாலும் சரி. நான் முதல் தடவையா அந்தப் புல்லுல கால் வச்சேன், நாப்பத்தஞ்சு வயசுல. இருபத்தி ரெண்டு வருஷமா நாலு எம்ஆர்டி ஸ்டேஷன் தள்ளி இருக்கற இடம். என்னைத் தடுத்த சட்டம் ஒண்ணுமே கிடையாது, நான் பிங்க் ஐசி, எனக்கு எல்லாமே திறந்துதான் கிடந்துச்சு. தம்பிகிட்ட இருந்து பேப்பரைப் பிடுங்கறதுக்கு அவ்ளோ சட்டம் படிச்ச நான், எனக்கு என்ன அனுமதின்னு அன்னைக்கு வரைக்கும் யோசிக்கவே இல்ல.

சுமார் நானூறு பேர் வந்திருந்தாங்க. பாதிப் பேர் இன்னும் மாஸ்க்கோட. மகள் அட்டை பிடிச்சுக்கிட்டு முன்னாடி போய்ட்டா, அவ எழுத்தும் கடைசியில இடம் பத்தாம ஒட்டிக்கிட்டுத்தான் நின்னுச்சு. என் மனைவி நடுவுல நின்னுக்கிட்டு, "நான் தட்டலாம்ல, தட்டக் கூடாதுன்னு இல்லையே?"ன்னு கைதட்டறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டாங்க. தட்டலாம்னேன். தம்பியும் வந்திருந்தார். கிளம்பறப்பவே, "அண்ணே, நான் உள்ள வரல, சும்மா கூட வர்றேன்"னு சொல்லிட்டுத்தான் வந்தார். அப்பர் பிக்கரிங் ஸ்ட்ரீட்டுக்கு அந்தப் பக்கம், ஹாங் லிம் சாப்பாட்டுக் கடைப் பக்கமா எங்க பையையெல்லாம் வச்சுக்கிட்டு நின்னார். அவருக்கு அந்தப் பையன் மேல ஒரு தனிப் பாசம், "அவங்கம்மா பேசின வீடியோ பாத்தேன்ணே, எங்கம்மா மாதிரியே பேசறாங்க"ன்னு ரெண்டு மூணு தடவை சொல்லிட்டார். அந்த மாசம் 27ம் தேதி தூக்குல போட்டுட்டாங்க.

அன்னைக்கு பேச்செல்லாம் நடந்துக்கிட்டிருக்கறப்ப தம்பிகிட்ட இருந்து எனக்கு மெசேஜ் வந்துச்சு, "தே குடிக்கறீங்களா". நான் பதில் போடறதுக்குள்ள சிக்னல்ல ரோட்டைத் தாண்டி வந்துட்டார், பார்க்குக்குள்ள வரல, பிளாட்பாரத்தோட நின்னுட்டார். பிளாஸ்டிக் பையில ஸ்ட்ரா போட்டுக் கட்டின தே, அதாவது டீ, சிக்னல் கம்பத்துல பட்டன் இருக்கற டப்பா மேல ஒவ்வொண்ணா மாட்டினார், எங்களைப் பாத்து தலையை ஆட்டினார், பச்சை விழுந்ததும் திரும்பப் போய்ட்டார். மகள் ஓடிப் போய் எடுத்துக்கிட்டு வந்தா. மூணு பை. நாலாவது அவர் கையில, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஸ்ட்ராவை வாயில வச்சுக்கிட்டு மேடையைப் பாத்துக்கிட்டு நின்னார்.